கேட்டுக்கு வெளியே நின்று வாங்கிய போத்தல்

கோயில் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். தலையில் இன்னும் ஹெல்மெட். உள்ளேயிருந்து சன்னாசி அண்ணன் இரண்டு கைகளாலும் ஒரு பிளாஸ்டிக் போத்தலை ஏந்திக்கொண்டு வருகிறார். வலது மணிக்கட்டில் காப்பு. அதில் கட்டிய மஞ்சள் துண்டு வெயிலில் சுருங்கிப்போயிருக்கிறது. பிரசாதம் கொடுப்பதுபோல், போத்தலைக் கம்பிகளுக்கு நடுவே நீட்டுகிறார்.

“நீங்க சொன்ன மாதிரியே தம்பி. போத்தலக் கழுவல. வழியவும் விடல. கழுத்து வரைக்கும்தான்.”

தூக்கிப் பார்த்தேன். தண்ணீரில் லேசான மஞ்சள். எதிர்பார்த்ததுதான். ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிள் சீட்டின் மேலேயே படிவத்தை விரித்து நிரப்பினேன். ‘மாதிரி எடுத்தவர்’ என்று ஓர் இடம் இருக்கும். அங்கே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இந்த வேலையில் நான் போட்ட கையெழுத்துகளுக்குக் கணக்கில்லை. எல்லாம் மறந்துவிட்டது. இது ஒன்று மட்டும் மறக்கவில்லை.

எனக்கு என்ன வேலை?

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மலேசியாவில், சிகாமட் ஊரில் குழாய்க்கிணறு தோண்டும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை. தோண்டுவது மற்றவர்கள். தோண்டிய பிறகு கிணற்றோடு குடும்பம் நடத்துவது நான். நீர்மட்டம் எவ்வளவு, தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு நேரம் பம்பு ஓடலாம், எல்லாம் என் பொறுப்பு.

எங்கள் பக்கம் மண் சிவப்பு. அதில் இரும்பு அதிகம். நிலத்துக்கு அடியில் இருக்கும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். மேலே வந்து காற்றுப் பட்டதும் மஞ்சளாகும். விட்டுவைத்தால் துருவாகி அடியில் படியும். யாரும் எதையும் கொட்டியதால் வருவதில்லை இது. மண்ணோடு பிறந்த குணம்.

அந்தத் தண்ணீரில் ஒரு வருடம் துவைத்தால் வெள்ளைச் சட்டை டீத்தூள் நிறத்துக்கு வந்துவிடும். நான் கத்தோலிக்கன். ஞாயிறு பூசைக்கு நான் போட்டுப்போகும் சட்டையைப் பார்த்தே எங்கள் பங்குச்சாமியார், “சேவியர், இன்னும் அந்தக் கம்பத்துக்குத்தான் போய்ட்டு இருக்கீங்களா?” என்று கேட்பார். வேலை முடிந்து அங்கேயே சட்டையை அலசிப் போட்டுக்கொண்டு வரும் பழக்கம் எனக்கு.

அந்தக் கம்பம், அதாவது சிற்றூர், எங்கள் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம். எஸ்டேட்டை விட்டு வெளியேறிய இருபது குடும்பங்கள் எண்ணெய்க்காக நட்ட செம்பனைக் காட்டை ஒட்டி வீடு கட்டிக்கொண்டார்கள். நடுவில் மாரியம்மன் கோயில். கோயில் வளாகத்துக்குள் நாங்கள் தோண்டிய கிணறு. மேலே தொட்டி. மதிலுக்கு வெளியே எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். சன்னாசி அண்ணன்தான் கோயில் செயலாளர், கிணற்றின் சாவியும் அவரிடம்தான்.

மஞ்சளாக வரும் தண்ணீரை அங்கே யாரும் குறையாக நினைத்ததில்லை. “அம்மா மஞ்சத்தண்ணி ஆடுறா தம்பி” என்பார் சன்னாசி அண்ணன். இரும்பு என்று நான் விளக்கினால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆமா, இரும்பும் அவதானே குடுக்குறா” என்பார். அவரோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை.

கிணற்றுக்குக் காய்ச்சல்

நீர்மட்டம் அளக்க ஒரு நாடா இருக்கிறது. நுனியில் ஒரு குண்டு. அது தண்ணீரைத் தொட்டதும் மேலே ‘கீ’ என்று கத்தும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதெல்லாம் கிடையாது. எங்கள் டவுக்கே, அதாவது சீன முதலாளி, இரும்பு நாடாவில் சாக்கட்டியைத் தேய்த்து இறக்கச் சொல்வார். ஈரம் பட்ட இடத்தில் சாக்கட்டிப் பூச்சு கருக்கும். அதைப் பார்த்து அளவு சொல்ல வேண்டும். தூறல் விழுந்தால் போச்சு. நாடா முழுக்க ஈரம், டவுக்கே வாய் முழுக்க வசவு.

சன்னாசி அண்ணனின் மகள் தேவிக்கு என் நாடாவைக் கண்டால் சிரிப்பு. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மதில் பக்கம் வந்து நிற்பாள். “அங்கிள் வந்துட்டாரு லா, கிணத்துக்குக் காய்ச்சல் பாக்க!” என்று வீட்டுக்கு வீடு கேட்கும்படி சொல்வாள். கணவன் மாசாயில் தங்கித் தொழிற்சாலை வேலை பார்த்தான். சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலை போய்விடுவான். மற்ற நாட்களில் அவளும் அப்பாவும் பாப்பாவும்தான்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் ஆறு வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்காரும். அடுத்த சில மாதங்களில் குழாயைத் திறந்தால் காற்று வரும். அந்த வருடம் வறட்சி கடுமை. அரசாங்கக் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, அதுவும் நூல் மாதிரி. கம்பம் முழுக்கக் கோயில் கிணற்றின் மேல் சாய்ந்தது. நீர்மட்டம் வாரா வாரம் இறங்கியது.

பம்பு ஓயாமல் ஓடுகிறது என்று சன்னாசி அண்ணனிடம் சொன்னேன்.

“இறைக்கிற கிணறுதான் ஊறும் தம்பி. பெரியவங்க சொல்லியிருக்காங்க.”

“அது வாளியில இறைச்ச காலத்துல சொன்னது அண்ணே. பெரியவங்க யாரும் மோட்டார் போடல. நிறுத்தாம இறைச்சா மட்டம் பம்பு வாய்க்கு வந்துரும். அப்புறம் சேறும் கறுப்புத் தூளும்தான் வரும்.”

அந்தக் கறுப்பு மாங்கனீஸ். இரும்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. அண்ணன் இருக்கும் இடத்தில் தம்பியும் இருப்பான்.

பசு மாட்டைக் கறந்தால் அடுத்த வேளைவரை விடவேண்டும் இல்லையா, அப்படித்தான் என்று தேவிதான் அப்பாவுக்கு விளக்கினாள். அவள் சொன்னால் கேட்பார். ஒரு மணி நேரம் ஓட்டு, இரண்டு மணி நேரம் விடு என்று முறை வைத்தோம். நாடாவை அவளிடமே கொடுத்துவிட்டேன். தினமும் காலையில் இறக்கி, பம்பு அறைக் கதவில் மாட்டிய வெள்ளைப் பலகையில் அளவை எழுதினாள். பத்து நாளில் இறக்கம் நின்றது. கேலி பேசிய பெண்ணே கிணற்றுக்கு மருத்துவச்சி ஆனாள்.

கறுத்த தேத்தண்ணி

ஒருநாள் பலகையைப் பார்க்கப் போனபோது தேவி தே ஓ கலந்து கொடுத்தாள். பால் இல்லாத தேத்தண்ணி. கண்ணாடிக் கிளாஸில் மை மாதிரி கறுப்பாக இருந்தது. இரும்புத் தண்ணீரில் தேயிலை போட்டால் அப்படித்தான் ஆகும்.

“தேவி, இது கிணத்துத் தண்ணியா?”

“ஆமா அங்கிள். குழாய்லதான் வரலையே. மூனு மாசமா இதுதான் எங்களுக்கு.”

“குடிக்கவுமா?”

“குடிக்க, சமைக்க, பாப்பாவுக்குப் பால் கலக்க, எல்லாம்.”

கிளாஸைக் கீழே வைத்தேன். அந்தக் கிணறு துவைக்கவும் கழுவவும் தோண்டியது. இரும்பு மட்டும் நானே பார்த்திருந்தேன். குடிக்க உகந்ததா என்று முழுதாக யாரும் சோதித்ததில்லை. இரும்பு நாக்குக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியும். தெரியாத சிலதும் மண்ணுக்குள் இருக்கலாம். சில ஊர்களில் ஆர்சனிக் என்ற விஷம்கூட இயற்கையாகவே கிணற்றில் வரும். அதற்குத்தான் சோதனைக்கூடம்.

“ஒரு வாரத்துல டெஸ்ட்டு எடுத்துருவோம். அதுவரைக்கும் நல்லாக் காய்ச்சிக் குடிங்க” என்றேன்.

“காய்ச்சித்தான் குடுக்குறேன் அங்கிள்.”

இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது பின்னால் முள்ளாகக் குத்தியது.

ஏன் வெளியே நின்றேன்

சோதனைக்குத் தண்ணீர் எடுப்பது ஒரு முறைப்படி நடக்க வேண்டியது. கிணற்றுத் தலையில் இருக்கும் குழாயைத் திறந்து, பழைய தண்ணீர் போகும்வரை ஓடவிட்டு, நேராகப் போத்தலில் பிடிக்க வேண்டும். உலோகச் சோதனைக்கான போத்தலில் முன்பே சில சொட்டு அமிலம் இருக்கும், அதனால் கழுவக்கூடாது. எடுப்பவன் குழாய்க்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். எடுத்தவன்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த வாரம் மூவாரில் என் பெரியப்பா தவறிவிட்டார். அடக்கம் முடிந்து நேராக வந்திருந்தேன். எங்களுக்குத் தீட்டு என்று ஒன்றும் கிடையாது. ஆனால் கம்பத்தில் திருவிழா. கொடியேறி, காப்புக் கட்டியாகிவிட்டது. கிணறு கோயிலுக்கு உள்ளே.

உள்ளே வராதே என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் நின்றேன். பதினைந்து வருடப் பழக்கத்தில் அவர்கள் என் நோன்பு நாளில் எனக்குக் கறி வைத்ததில்லை. அவர்கள் விரத நாளில் சாவு வீட்டிலிருந்து வந்த காலோடு நான் நுழைவதா? திருவிழா முடிந்து வந்திருக்கலாம். ஆனால் ஒரு வாரம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். என் அவசரத்துக்குக் குடத்துக்குள்ளேயே போனது. அதை அப்புறம் சொல்கிறேன்.

சன்னாசி அண்ணன் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

“நீங்க இங்கயே நில்லுங்க தம்பி. எப்படின்னு சொல்லுங்க, நான் புடிச்சுத் தர்றேன்.”

சொன்னேன். கவனமாகக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் போத்தலோடு வந்தார். அதுதான் நான் முதலில் சொன்ன காட்சி.

திரைச்சீலைக் கடையில் வந்த அழைப்பு

திருவிழாவின் கடைசி நாள். தங்காக்கில் ஒரு காய்கறித் தோட்டத்துக் கிணற்றைப் பார்த்துவிட்டு, மனைவி சொல்லியிருந்த திரைச்சீலைத் துணி வாங்க ஒரு கடையில் நின்றேன். தங்காக்குப் போய்த் துணி வாங்காமல் வந்தால் வீட்டில் சோறு கிடைக்காது. கைப்பேசி அடித்தது. ஜொகூர் பாருவில் இருக்கும் சோதனைக்கூடத்திலிருந்து ரோஸ்னா. பல வருடப் பழக்கம்.

“பாங், டுடுக் டூலு” என்றாள். அண்ணா, முதலில் உட்காருங்கள் என்று அர்த்தம். அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

“கோயில் கிணறு. ஈயம். அளவுக்கு மேல பல மடங்கு.”

அதற்குப் பிறகும் ஏதோ சொன்னாள். செம்பு என்றாள், இரும்பு என்றாள், இது என்ன கிணறு என்று கேட்டாள். எதுவும் எனக்கு ஏறவில்லை. கையில் பூப்போட்ட துணி. கண்ணுக்கு முன்னால் தேவியின் இடுப்பில் இருக்கும் அந்த ஆறு மாதக் குழந்தை. ஈயம் பெரியவர்களுக்கே கெடுதல். பால் குடிக்கும் குழந்தைக்கு என்ன செய்யும் என்று இந்த வேலையில் இருக்கும் எவனுக்கும் தெரியும்.

துணியை அப்படியே மேசையில் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கம்பத்தில் மஞ்சள் நீராட்டு முடிந்து, ரோடெல்லாம் மஞ்சளாக இருந்தது. மேளக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இலை போடச் சொன்னார்கள். தேவியையும் சன்னாசி அண்ணனையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

சன்னாசி அண்ணன் மதிலைப் பிடித்துக்கொண்டார்.

தேவி கத்தவில்லை, அழவில்லை. “நீங்கதானே காய்ச்சிக் குடுக்கச் சொன்னீங்க அங்கிள்?” என்றாள்.

காய்ச்சினால் கிருமி சாகும். ஈயம் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். இதை எப்படி அவளிடம் சொல்வது? சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னேன்.

“அப்ப நான்தான் குடுத்தேனா? மூனு மாசமா, என் கையால?”

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்று மாலையே பக்கத்து வீட்டுக்காரர் காரில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்ப் பாப்பாவின் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள். பொதுக் குழாயில் நானே ஒரு துணியைக் கட்டி, குடிக்கக்கூடாது என்று மூன்று மொழியில் எழுதிவைத்தேன்.

சட்டைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை

மறுநாள் காலையில்தான் அறிக்கையை நிதானமாகப் படித்தேன். ஈயம் எங்கே, எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே வந்தவன் இரும்பு வரியில் நின்றுவிட்டேன். இரும்பு கிட்டத்தட்ட இல்லை.

இந்தக் கிணற்றில் இரும்பு இல்லையா? என் சட்டையைக் கேட்டால் சிரிக்கும். அந்தக் கறுத்த தேத்தண்ணி பிறகு எதனால் வந்தது? அடுத்த வரியில் செம்பு, அதற்குக் கீழே துத்தநாகம், இரண்டும் மேலே மேலே. ரோஸ்னா கேட்டது அப்போதுதான் காதில் விழுந்தது: இது என்ன கிணறு?

புதுப் போத்தல்களை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போனேன். திருவிழா முடிந்து கோயில் கேட் திறந்திருந்தது. சன்னாசி அண்ணன் இரவெல்லாம் தூங்காத முகத்தோடு வந்தார். போத்தலைப் பார்த்தார்.

“மறுபடியும் எடுக்கணுமா தம்பி? போன தடவ மாதிரியே அம்மா முன்னாடி வச்ச தண்ணியிலேருந்தே எடுத்துத் தரவா?”

“என்ன அண்ணே சொன்னீங்க?”

“கும்பத்துத் தண்ணி. அதுலதானே அன்னிக்கும் எடுத்தேன்.”

உள்ளே ஓடினேன். சன்னதிக்குப் பக்கத்தில் அந்தக் குடம் இன்னும் இருந்தது. எஸ்டேட்டிலிருந்து கொண்டுவந்த பழைய பித்தளைக் குடம். நூல் சுற்றி, மஞ்சள் பூசி, வாயில் மாவிலை. திருவிழா பத்து நாளும் அவர் தினமும் காலையில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, மஞ்சள் கரைத்து, எலுமிச்சம்பழத்தை அறுத்துப் போட்டு அம்மன் முன்னால் வைப்பார். மறுநாள் காலைவரை அப்படியே இருக்கும்.

“ஏன் அண்ணே அதுல எடுத்தீங்க?”

“நீங்க துக்க வீட்டுலேருந்து வந்து வெளிய நிக்கிறீங்க. முகமே சரியில்ல. நம்ம தம்பி எடுக்குற டெஸ்ட்டு நல்லா வரணுமேன்னு… அதுவும் நம்ம கிணத்துத் தண்ணிதானே தம்பி? வெள்ளத் துணியில வடிகட்டித்தான் ஊத்துனேன்.”

குடத்தைச் சாய்த்து அடியைப் பார்த்தேன். ஓட்டைக்கு வைத்த ஈயப் பற்று, ஐந்து விரலையும் குவித்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. எப்போது வைத்தது என்று கேட்டேன். எஸ்டேட்டில் இருந்தபோதே என்றார். உள்ளே கை விட்டேன். அடியில் துரு வண்டலாகப் படிந்திருந்தது. இரும்பு அங்கே உட்கார்ந்திருந்தது. புளிப்புத் தண்ணீர் ஓர் இரவும் பகலும், செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையையும் ஈயப் பற்றையும் அரித்திருக்கிறது. மஞ்சள் நிறம் குடத்து மஞ்சள். நான் கேட்டுக்கு வெளியே நின்று அதை இரும்பு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அவர் என்மேல் வைத்த மரியாதையும் நான் அவர்கள்மேல் வைத்த மரியாதையும் சேர்ந்து ஒரு பச்சைக் குழந்தையின் தாயை உயிரோடு கொன்றுபோட்டுவிட்டன. எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. நினைப்பது வேறு, நிரூபிப்பது வேறு. இன்னும் எதுவும் உறுதியில்லை.

பதினைந்து நிமிடம் குழாயை ஓடவிட்டு நானே பிடித்தேன். குடத்திலிருந்தும் ஒரு போத்தல். ஒன்றில் ‘கிணறு’, இன்னொன்றில் ‘குடம்’ என்று எழுதி, தபாலை நம்பாமல் பஸ் ஏறி ஜொகூர் பாருவில் ரோஸ்னா கையிலேயே கொடுத்தேன். முதல் படிவத்தில் நான் பொய்க் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன்.

“அலமாக், பாங்!” என்று தலையில் கைவைத்தாள். “நான் தொலைபேசியிலயே கேட்டேனே, இது என்ன கிணறுன்னு!”

திங்கட்கிழமை

இடையில் ஒரு சனியும் ஞாயிறும். மாசாயிலிருந்து வந்த தேவியின் கணவன் பெட்டி பெட்டியாக மினரல் வாட்டர் இறக்கினான். என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனான். ஞாயிறு பூசையில் மண்டியிட்டவன் எழுந்திருக்க மறந்துவிட்டேன், பின்னால் இருந்தவர் தோளைத் தட்டினார்.

திங்கள் பகலில் ரோஸ்னா கூப்பிட்டாள். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை.

“குடம்: முன்னாடி வந்த மாதிரியே. கிணறு: ஈயம் இல்ல. ஆர்சனிக் இல்ல. இரும்பு, மாங்கனீஸ் அளவுக்கு மேல, அது உங்களுக்கே தெரியும்.”

போன உயிர் திரும்பி வந்தது. ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்று சிரித்தேன். டவுக்கே வெளியே வந்து பார்த்தார். அவரிடமும் கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். வழக்கமாக அரை மணி நேரம் திட்டுகிறவர், “இனிமே நீ கேட்டுக்கு வெளியே நின்னா, போத்தலும் வெளியே நிக்கட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தேவிக்கு நானே போன் செய்தேன். கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பாப்பாவின் கிலுகிலுப்பைச் சத்தம்.

“ரத்தம் வரட்டும் அங்கிள்” என்றாள். வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது நியாயம். ஒரு காகிதம் அவளைப் பயமுறுத்தியது. இன்னொரு காகிதத்தை அவள் ஏன் உடனே நம்ப வேண்டும்?

கிளினிக்கிலிருந்து முடிவு அடுத்த வாரம் வந்தது. பாப்பாவுக்கு ஒன்றுமில்லை. அன்று சன்னாசி அண்ணன் போன் செய்து அழுதார். நானும் அழுதேன். இரண்டு கிழவர்களும் மாறி மாறி மூக்கைச் சிந்தினோம். நிம்மதி என்ற சொல்லின் எடை எனக்கு அன்றுதான் தெரிந்தது. அன்று மாலை தங்காக்குப் போய் அதே பூப்போட்ட துணியை வாங்கிவந்தேன். இப்போதும் எங்கள் வீட்டு ஜன்னலில் அதுதான் தொங்குகிறது.

அண்ணனுக்கு ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. “அப்ப இத்தன வருஷமா அம்மாவுக்கு விஷத்தையா வச்சேன்?”

“அம்மாவுக்கு நீங்க வச்சது மனசு அண்ணே. குடம் கும்பிட மட்டும். குடிக்க வேணாம், யாருக்கும் தீர்த்தமா குடுக்கவும் வேணாம்.”

பற்று வைக்காத புதுக் குடம் ஒன்று கோயிலுக்கு வந்தது. பழையதில் துளசி நட்டுவிட்டார்.

நானே, பக்கத்தில் நின்று

இரும்புக்கும் மாங்கனீஸுக்கும் வழி கடினமில்லை. பம்புத் தண்ணீரைத் துளை போட்ட தட்டுகளில் மழை மாதிரி விழவிட்டுக் காற்றுப் படச் செய்து, மணல் தொட்டி வழியாக இறக்கினோம். மாங்கனீஸ் லேசில் போகாது. அதற்கென்று ஒரு கறுப்பு மணலை டவுக்கே தருவித்தார். கம்பத்து ஆட்களே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலையை முடித்தார்கள். தேவி நாடாவை விடவில்லை. பலகையில் மட்டம், அதற்குப் பக்கத்தில் மணலைக் கழுவிய நாள்.

வடிகட்டிய தண்ணீரை மறுபடியும் சோதனைக்கு அனுப்பினேன். எல்லாம் அளவுக்குள் என்று அறிக்கை வந்தது. அதை எடுத்துக்கொண்டு போனேன்.

சன்னாசி அண்ணன் கேட்டை விரியத் திறந்துவைத்திருந்தார். தேவி தே ஓ போட்டாள். கிளாஸில் தேத்தண்ணி, தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. பாப்பா பசியில் சிணுங்கியது. மேசையில் ஒருபுறம் மினரல் வாட்டர் பெட்டி. அடுப்பில் கிணற்றுத் தண்ணீர் காய்ச்சி ஆறவைத்த கெண்டி.

தேவி அறிக்கையை வாங்கினாள். எண்களைப் பார்க்கவில்லை. அதோடு இணைத்திருந்த படிவத்தில் என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

“அங்கிள், நீங்களே புடிச்சீங்களா?”

“நானே புடிச்சேன்மா.”

“பக்கத்துல நின்னு?”

“பக்கத்துல நின்னு.”

அறிக்கையை மடித்து வைத்தாள். பிறகு கெண்டியை எடுத்து, பாப்பாவின் பால் போத்தலில் ஊற்றினாள்.